தும்பி தாழப் பறந்தால் மழையா, ஆப் சொன்னால் மழையா?

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். தும்பி தாழப் பறக்கிறது, அட்டை கூடிவிட்டது, பின்நேரம் மழைதான் என்று அவருடைய அப்பாயி சொல்கிறாராம். போனில் உள்ள ஆப் மழைக்கு 20 வீத வாய்ப்புத்தான் என்கிறதாம். பல நாள் அப்பாயி சொன்னதுதான் நடக்கிறதாம். அப்படியென்றால் பூச்சிக்கும் பறவைக்கும் மழை முன்கூட்டியே தெரியுமா, விஞ்ஞானம் நம் மலைக்குச் சரிவராதா என்பது அவருடைய கேள்வி. கூடவே, சுனாமிக்கு முன்பு யானையெல்லாம் ஓடித் தப்பியது உண்மைதானே என்றும் கேட்கிறார்.

தம்பி, அப்பாயி சொல்வது உண்மை, ஆப் சொல்வதும் பொய் இல்லை. இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன. பூச்சியும் தவளையும் அட்டையும் இந்த மலையில் இந்த நேரத்தில் காற்று எப்படி இருக்கிறது என்று காட்டும், அதை வைத்து அடுத்த இரண்டு மூன்று மணித்தியாலத்தை ஊகிக்கலாம். நாளை மறுநாள் என்ன, மொத்தம் எத்தனை மில்லிமீற்றர் விழும் என்பதெல்லாம் அவற்றுக்குத் தெரியாது. நம் பக்கத்தில் மண்சரிவில் உயிர் போவதும் பிழைப்பதும் அந்த மில்லிமீற்றரில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

அட்டையில் தொடங்குவோம், மலைக்குப் போகிறவர்களுக்கு அதைவிடத் தெரிந்த உயிரினம் இல்லை. வெயில் நாளில் அட்டை தேயிலைத் தூருக்கடியில் சருகுக்குள்ளும் கான் (வடிகால்) ஓரத்து ஈரமண்ணிலும் சுருண்டு கிடக்கும். அது தோல் வழியாகத்தான் மூச்சு விடுகிறது, தோல் காய்ந்தால் செத்துப்போகும். மூட்டம் போட்டு வெயில் மங்கி, காற்றில் ஈரம் ஏறியதும் வெளியே வரும். பின்பக்கத்தைப் புல் நுனியில் ஊன்றிக்கொண்டு முன்பக்கத்தை நூல் மாதிரி நீட்டி, இப்படியும் அப்படியும் துழாவிக்கொண்டே நிற்கும். நம் மூச்சுக்காற்றும் உடம்புச் சூடும் நடையின் அதிர்வும் பட்டால் அந்தப் பக்கம் வளையும். நேற்றுப் பார்க்காத கானில் இன்று காலையிலேயே புல்லுக்குப் புல் அட்டை நின்றால் காற்று ஈரத்தால் நிறைந்துவிட்டது என்று நம்பலாம், பின்நேர மழைக்கு வேண்டிய பாதி அங்கேயே இருக்கிறது. ஆனால் இரவு பெய்த மழைக்கும் அது அப்படித்தான் வெளியே வரும், வெறும் மூட்டம் மட்டும் இறங்கி மழை பெய்யாமலே கலைந்துபோகும் நாளிலும் அப்படித்தான் நிற்கும். அட்டை அறிந்தது ஈரத்தை மட்டும்தான்.

இதே எண்ணத்தை வைத்து இங்கிலாந்தில் ஒரு வைத்தியர் இயந்திரமே செய்திருக்கிறார். விட்பி என்ற ஊரைச் சேர்ந்த ஜோர்ஜ் மெரிவெதர், 12 போத்தல்களில் ஆளுக்கொரு அட்டையை விட்டு, புயல் வரும் முன் அட்டை மேலேறி ஒரு சின்னத் துண்டைத் தட்டினால் மணி அடிக்கும்படி அமைத்தார். 1851இல் லண்டனில் நடந்த பெரிய கண்காட்சியில் அதை வைத்தார்கள். தன்னுடைய அட்டைகளை நாட்டின் கரையோரம் முழுக்க வைக்க வேண்டும் என்று அரசாங்கத்திடம் கேட்டும் பார்த்தார், நடக்கவில்லை. அவர் பயன்படுத்தியது நீரில் வாழும் மருத்துவ அட்டை, நம் தேயிலைக்குள் இருப்பது தரையட்டை, அது வேறு இனம். அந்த மனிதர் ஒன்றும் மூடநம்பிக்கைக்காரர் அல்ல, தான் கண்டதை ஒரு கருவியாக மாற்றப் பார்த்தவர். அதற்குப் பிறகு விரிந்த தந்தி வலையமைப்பு, தூரத்து ஊரில் இப்போது என்ன நடக்கிறது என்பதை உடனே சொன்னதால் வென்றது. புயல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அட்டையைக் கேட்க வேண்டிய தேவை இல்லை. வானிலை முன்னறிவிப்பு என்பதே தூரத்தைப் பார்ப்பதில் தொடங்கியது.

தும்பிக்கு, அதாவது தட்டானுக்கு வருவோம். "தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை" என்று பழமொழியே இருக்கிறது. வெயில் அடிக்கும்போது தரை சூடாகி, சூட்டுக்காற்று மேலே எழும்பும், அதோடு சின்னச் சின்னப் பூச்சிகளும் மேலே போகும். மேகம் மூடினால் அந்த எழுச்சி நின்றுவிடும், பூச்சி தாழ வரும், அதைத் தின்னும் தும்பியும் மழைக்குருவியும் தாழ வரும். காரணம் தெளிவாக இருக்கிற அறிகுறி இது, நான் நம்புகிறேன். தும்பியிலேயே ஒரு மஞ்சள் இனம் இருக்கிறது, மழையால் தேங்கும் குட்டைகளில்தான் முட்டையிடும். அது இந்தியப் பக்கமிருந்து மாலைதீவு வழியாகக் கடலைக் கடந்து ஆபிரிக்காவுக்கே போகிறது என்று மாலைதீவில் இருந்த சார்ள்ஸ் அன்டர்சன் என்ற உயிரியலாளர் 2009இல் எழுதினார், காற்றோடும் நகரும் மழைப்பட்டையோடும் சேர்ந்தே அதன் பயணம். "தும்பி பறந்தால் தூரத்தில் மழை" என்று இன்னொரு பழமொழி உண்டே, அதைச் சொன்னவர்கள் எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்று எனக்கு இன்னமும் வியப்புத்தான்.

ஈசலும் எறும்பும் கொஞ்சம் சிக்கலானவை. அந்தியில் ஈசல் கிளம்பினால் அடைமழை என்பார்கள். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போனாலும் மழை என்பார்கள், சங்கப் பாடல் ஒன்றிலேயே அந்த எறும்பு வரிசை வருகிறது. ஈசல் பெரும்பாலும் ஒரு மழை பெய்து மண் இளகிய பிறகு, காற்று ஈரமாகவும் அசைவில்லாமலும் இருக்கும் பொழுதில்தான் புற்றிலிருந்து வெளியேறும். அதாவது அது பெய்த மழைக்குச் சாட்சி. பிறகு ஏன் அடுத்த நாளும் மழை பெய்கிறது? ஏனென்றால் அது மழைக்காலம். ஒக்டோபர், நவம்பரில் இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட காலத்தில், மலையகத்தில் பெரும்பாலும் பின்நேரம் இடியோடு மழைதான், மார்ச், ஏப்ரலிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். அந்த மாதங்களில் எதை அறிகுறியாகச் சொன்னாலும் பலிக்கும். சேவல் கூவியது, அதனால் மழை என்றாலும் பலிக்கும்! எறும்பும் அப்படி. புற்றுக்குள் ஈரமும் சூடும் மாறினால் அது முட்டையை இடம் மாற்றும், வெயில் நாளிலும் மாற்றும், மண்வெட்டி பட்டாலும் மாற்றும். மழை வந்த நாள் மட்டும் நம் நினைவில் நிற்கிறது, வராத நாளை யாரும் எண்ணி வைப்பதில்லை.

பெரும்பாலும் இணையத்தில் சொல்வது என்னவென்றால், மழைக்கு முன் காற்றழுத்தம் குறையும், அதை விலங்குகள் உணரும் என்பது. குளிர் நாடுகளுக்கு இது ஓரளவு பொருந்தும், அங்கே ஒரு தாழமுக்கம் கடந்தால் 20 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) வரை கூட இறங்கும். பிரேசில் ஆய்வாளர்களின் ஓர் ஆய்வில் (2013) அழுத்தம் மாறும்போது வண்டு, அந்துப்பூச்சி, செடிப்பேன் எல்லாம் இணைசேரும் நடத்தையை மாற்றிக்கொள்வதைக் காட்டியிருக்கிறார்கள், ஆகவே உணர்கின்றன என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் நாம் இருப்பது பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில். இங்கே மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அழுத்தம் ஒவ்வொரு நாளும் இரண்டு முறை ஏறி இறங்கும். காலை 10 மணி போல உச்சம், பின்நேரம் 4 மணி போல அடி, இரவும் அதே மாதிரி, வித்தியாசம் 3 ஹெக்டோபாஸ்கல் அளவு. சாதாரண பின்நேர மழைக்கு முன் அதைவிடப் பெரிய இறக்கம் ஒன்றும் இருக்காது. அதோடு நம் மலையில் 100 மீற்றர் ஏறினால் சுமார் 10 ஹெக்டோபாஸ்கல் குறைந்துவிடும். பணிய லயத்திலிருந்து (தோட்டத்து வரிசை வீடுகள்) மேட்டு லயத்துக்குப் பறக்கும் குருவி ஒரு நிமிடத்தில் அனுபவிக்கும் மாற்றத்துக்கு முன்னால், அந்த 3 எங்கே? ஆகவே நம் பக்கத்தில் ஈரமும் வெளிச்சமும் சூடும்தான் உண்மையான சைகை என்பது என் முடிவு, அழுத்தக் கதையை அப்படியே இங்கே ஒட்ட முடியாது.

பறவைகள் வேறொரு வேலையும் செய்கின்றன, நாட்காட்டி வேலை. ஆறுமணிக்குருவி குளிர்காலத்துக்கு இந்தியாவிலிருந்து வந்து சேர்வது செப்டெம்பர், ஒக்டோபரில், அதே நேரம் இடைப்பருவ மழையும் தொடங்குகிறது. குயில் விடாமல் கூவினால் சித்திரை வருகிறது, பின்நேர இடியும் வருகிறது. இவை பருவத்தைச் சொல்லும், நாளைச் சொல்லாது. பறவை புயலுக்கு முன்பே தப்பிப் போனதற்கு நல்ல சான்று ஒன்று இருக்கிறது. 2014 ஏப்ரலில் அமெரிக்காவின் டென்னசியில், பொன்சிறகுப் பாடும் பறவைகள் சிலவற்றின் மேல் சிறு பதிவுக் கருவி கட்டியிருந்தார்கள். டொர்னாடோ என்னும் சுழல்காற்றுகளோடு வந்த பெரிய புயல்தொகுதி நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும்போதே அவை இடத்தைக் காலி செய்து, புயல் போனதும் திரும்பி வந்தன. நமக்குக் கேட்காத மிகத் தாழ்ந்த ஒலியை அவை கேட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். ஐந்து பறவைகளின் பதிவு அது, ஆனாலும் அசட்டை செய்யக்கூடியது அல்ல.

யானைக்கதை அப்படி நிற்கவில்லை. 2004 சுனாமியின்போது யால வனப்பூங்காப் பக்கம் செய்மதிக் கழுத்துப்பட்டி மாட்டியிருந்த யானைகளின் நடமாட்டத்தைப் பிறகு எடுத்துப் பார்த்தார்கள். முன்கூட்டியே தெரிந்து உள்ளே ஓடியதற்கான அடையாளம் அதில் இல்லை.

சரி, ஆப் ஏன் அப்பாயியிடம் தோற்கிறது? போனில் பார்ப்பது பெரும்பாலும் நம் வளிமண்டலவியல் திணைக்களம் கொடுத்தது இல்லை, உலகம் முழுவதற்கும் ஓடும் ஒரு கணினி மாதிரியின் எண்ணை ஆப் அப்படியே எடுத்துக் காட்டுகிறது. அந்தக் கணினி மாதிரி பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வானிலையைக் கணக்குப் போடும், மிகச் சிறந்த ஐரோப்பிய மாதிரியிலேயே ஒரு கட்டம் பல வருடங்களாக 9 கிலோமீற்றர். இப்போது நம் இடத்தை நினைத்துப் பாருங்கள். 9 கிலோமீற்றருக்குள் இரண்டு பள்ளத்தாக்கு, மூன்று மலைமுதுகு, ஒரு நீர்த்தேக்கம் வந்துவிடும். கணக்குக்கு அவ்வளவும் ஒரே உயரம். கூர்மையான மலை மொட்டையாகிவிடும், ஹப்புத்தளைக்குக் கீழே சுவர் மாதிரி இறங்கும் சரிவு மெல்லிய சாய்வாகிவிடும். காற்று மலையில் மோதி எழும்பித்தான் நமக்கு மழை என்னும்போது, மலையே சரியாக இல்லாத கணக்கில் மழை எந்தப் பக்கம் விழும் என்று எப்படி வரும்? அதனால்தான் நோர்வூட்டில் கொட்டும்போது ஹற்றனில் உடுப்புக் காய்கிறது, ஆப்பில் இரண்டுக்கும் ஒரே படம். அந்த 20 வீதத்தையும் சரியாகப் படிக்க வேண்டும். அப்படிப்பட்ட நாட்கள் பத்து வந்தால் அதில் இரண்டில் மழை என்று பொருள். அந்த இரண்டில் ஒன்று உங்கள் மலையில் விழுந்தால் ஆப் பொய் சொன்னது என்று ஆகாது.

"மத்திய, சப்ரகமுவ, ஊவா மாகாணங்களில் பிற்பகலில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்" என்று வானொலியில் ஏப்ரல் முழுக்க ஒரே வரியைச் சொல்வதைப் பலர் குறையாகப் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் அது நேர்மையான வரி. பின்நேர இடிமழை எந்தப் பள்ளத்தாக்கில் முளைக்கும் என்று காலையில் யாராலும் சொல்ல முடியாது. கரையிலிருந்து வரும் காற்றும் பள்ளத்தாக்கிலிருந்து ஏறும் காற்றும் எங்கே சந்திக்கும் என்பதைப் பொறுத்தது அது. அந்த இடைவெளியில்தான் அப்பாயியின் தும்பிக்கு மதிப்பு. பதினொரு மணிக்கு அவர் வாசலில் நின்று பார்ப்பதை எந்தச் செய்மதியும் அந்த லயத்து உயரத்தில் பார்ப்பதில்லை. உடுப்பைக் காயப்போடுவதா, படங்கை எடுத்துக்கொண்டு மலைக்குப் போவதா, விறகை உள்ளே எடுப்பதா, இதற்கெல்லாம் அப்பாயியைக் கேளுங்கள்.

ஆனால் வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் உருவாகிறது என்றால் கதையே மாறும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை என்று மலையகம் எங்கும் மண் இறங்கியது. அப்படியொரு தொகுதி கடலில் கூடும்போது பசறையில் இருக்கும் எறும்புக்கு அதைப் பற்றி ஒன்றும் எட்டாது, அதன் ஈரம் மலையைத் தொடும்போதுதான் எட்டும், அப்போது எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கிறது. அதை நாட்கணக்கில் முன்பே காட்டுவது செய்மதியும் கணினி மாதிரியும்தான். கணினி முன்னறிவிப்பு பத்து வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு நாள் என்ற அளவில் நீண்டு வந்திருக்கிறது, முன்பு மூன்று நாளைக்கு எவ்வளவு நம்பலாமோ அவ்வளவு இப்போது ஐந்து, ஆறு நாளைக்கு நம்பலாம். பெரிய தொகுதிகளில்தான் இது நன்றாக வேலை செய்கிறது, நம்மைக் கொல்வதும் அந்தப் பெரிய தொகுதிகள்தான்.

அப்புறம் அளவு. இதை எத்தனை தடவை சொன்னாலும் போதாது. மழை வரும் என்பது வேறு, எவ்வளவு வரும் என்பது வேறு. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு வைத்திருக்கும் பொதுவான அளவு இது: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழித்திருக்க வேண்டும், 100 தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும், 150 தாண்டினால் அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினால் வெளியேற வேண்டும். 60க்கும் 160க்கும் தவளை ஒரே மாதிரிதான் கத்தும். அட்டைக்கும் இரண்டும் ஒன்றுதான். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது, அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை பல வருடங்களுக்கு முன்பே இருந்தது. அந்த எச்சரிக்கை மண்ணை ஆராய்ந்து வந்தது, எந்தப் பறவையும் அதைச் சொல்லவில்லை.

தோட்டக் காரியாலயத்தில் நான் வேலை செய்தபோது மழைமானி அளப்பது என் பொறுப்பில் இருந்தது. காலை எட்டரைக்குப் புனலைக் கழற்றி, உள்ளே இருக்கும் நீரைக் கண்ணாடி அளவுகுழாயில் ஊற்றி, கண் மட்டத்துக்குத் தூக்கிப்பிடித்து, நீரின் நடுப்பள்ளம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது. திணைக்களத்துக்கு மலையகத்திலிருந்து போகும் மழை அளவுகளில் நிறைய இப்படித் தோட்டங்களில் எடுத்தவைதான். இதை வீட்டிலும் செய்யலாம். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள தகர டின் ஒன்று, அடி தட்டையாக இருக்க வேண்டும், மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் வையுங்கள், காலையில் உள்ளே அடிமட்டத்தை விட்டுப் பாருங்கள். நீர் எத்தனை மில்லிமீற்றர் நிற்கிறதோ அதுதான் மழை, டின் பெரிதா சின்னதா என்பது கணக்கில் வராது. அடைமழையில் இரவும் டோர்ச் அடித்துப் பாருங்கள். 75ஐ நெருங்கினால் அப்பாயியோடும் பிள்ளைகளோடும் எங்கே போவது என்று பேசிவிடுங்கள். அதோடு நிலத்தைப் பாருங்கள்: சுவரிலோ முற்றத்திலோ புது வெடிப்பு, திடீரென்று இறுகிக்கொள்ளும் கதவு, சாய்ந்த மரம் அல்லது மின்கம்பம், இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று, தெளிவாக வந்த பீலித் தண்ணீர் சேறாக வருவது அல்லது நின்றுபோவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் டின்னில் எத்தனை என்று பார்த்துக்கொண்டு நிற்காமல் வெளியேறுங்கள், பிறகு 117க்கு அழையுங்கள், அது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம்.

அப்பாயியின் அறிகுறிகளைச் சோதிக்க ஆசை என்றால் ஒரு கொப்பி எடுங்கள். காலையில் அவர் என்ன பார்த்தார் என்பதை மழைக்கு முன்பே எழுதிவிட வேண்டும், மழை வந்த பிறகு எழுதினால் பயனில்லை. அடுத்த நாள் காலை டின் அளவை அதன் பக்கத்தில் எழுதுங்கள். தும்பி தாழப் பறந்து மழை வந்த நாள், பறந்தும் வராத நாள், பறக்காமலே வந்த நாள், பறக்கவும் இல்லை மழையும் இல்லை என்ற நாள், நான்கையும் எண்ண வேண்டும், முதலாவது தவிர மற்ற மூன்றையும்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஆப் சொன்ன வீதத்தையும் அதே வரியில் குறியுங்கள். ஒக்டோபரையும் ஜனவரியையும் சேர்த்துக் கூட்ட வேண்டாம், மழைக்காலத்துக்கும் வெயில் காலத்துக்கும் தனித்தனிக் கணக்கு. உங்கள் பொகவந்தலாவைக் கணக்கை வைத்துப் பண்டாரவளையில் இருப்பவர் மழை பார்க்க முடியாது. மேற்குச் சரிவில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று நனைத்துக்கொண்டிருக்கும், வட்டவளையில் வருடத்துக்கு 5000 மில்லிமீற்றரை ஒட்டிப் பெய்யும், அதே ஜூலை, ஓகஸ்டில் ஊவாப் பக்கம் காய்ந்த காற்று அடித்துத் தேயிலைக்கு வாசம் ஏற்றிக்கொண்டிருக்கும். அவர்கள் தங்கள் அப்பாயிமாரிடம் கேட்டு வேறு கொப்பி போடட்டும்.